சின்ன அணைதானேன்னு விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பெரிய அணைகளோட நீர்மட்டம் தினமும் பேப்பர்ல வருது, நீர்வரத்து எத்தனை கனஅடி, திறந்து விடுறது எத்தனை கனஅடின்னு படிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியுது. ஆனா தோட்டத்துக்காரங்க, எஸ்டேட்காரங்க சொந்த நிலத்துல ஓடைக்குக் குறுக்க மண்ணைக் கொட்டி கரை போட்டு தண்ணி தேக்கி வச்சிருக்காங்களே, அந்த சின்ன அணைகளைப் பத்தி ஒரு வரி கூட வர்றதில்ல. நாங்க அப்படி ஒரு அணைக்குக் கீழதான் குடியிருக்கோம். ஓனர் யாரு, எந்த இடம்னு வேணும்னேதான் எழுதல, ஒருத்தரை மாட்டி விடுறதுக்காக இந்த லெட்டர் இல்ல, ஏன்னா இது எங்க மண்கரை இருக்கோ அங்கெல்லாம் உள்ள பிரச்னை.

யார்கிட்ட சொன்னாலும் "அது சின்னதுதானேங்க"ன்னுதான் பதில் வருது. சரி, கணக்கு போடுவோம். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், சராசரியா 3 மீட்டர் ஆழம்னு வச்சுக்கிட்டாலே 15,000 கன மீட்டர், அதாவது ஒன்றரை கோடி லிட்டர், எடைன்னு பார்த்தா 15,000 டன். அத்தனையும் சரிவுல கீழ இருக்கிற வீடுகளைப் பார்த்து நிக்குது. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல கெல்லி பார்ன்ஸ் அணைன்னு ஒண்ணு, அதுவும் தனியார் மண் அணைதான், உயரம் சுமார் 12 மீட்டர். 1977 நவம்பர் 6, நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்குல உடைஞ்சு கீழ ஒரு காலேஜ்ல தூங்கிட்டு இருந்தவங்க, குழந்தைகள் எல்லாம் சேர்த்து 39 பேர் செத்தாங்க. 2018 மே மாசம் கென்யாவுல சோலாய்ங்கிற ஊர்ல ஒரு பெரிய பண்ணையோட மண் அணை ராத்திரி நேரத்துல உடைஞ்சு 40 பேருக்கு மேல போயிட்டாங்க. ஆகவே அணை ஆபத்தானதா இல்லையான்னு அதோட உயரத்தை வச்சு மட்டும் சொல்ல முடியாது, கீழ யார் படுத்துத் தூங்குறாங்கங்கிறதை வச்சுத்தான் சொல்லணும்.

நான் இன்ஜினியர் இல்ல, ஆனா பயத்துல நிறைய படிச்சிருக்கேன், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டும் இருக்கேன். மண்கரைக்கு முதல் எதிரி அதுக்கு மேல ஏறி வழியுற தண்ணி. கான்கிரீட்டுன்னா கொஞ்ச நேரம் தாங்கும், மண்ணுல வழிஞ்சா வெளிச்சரிவை அப்படியே அறுத்துட்டுப் போயிடும். அதுக்குத்தான் கலிங்கு வைக்கிறாங்க, மழைத்தண்ணி மிஞ்சினா அது வழியா ஓடிடணும். இங்க என்ன நடக்குதுன்னா இன்னும் ரெண்டு அடி தண்ணி நின்னா நல்லாருக்குமேன்னு கலிங்குல பலகை அடிக்கிறது, மணல் மூட்டை அடுக்குறது, மீன் போயிடக்கூடாதுன்னு வலை கட்டுறது. வலைல இலை தழை கொப்பு எல்லாம் வந்து அடைச்சா அது சுவர் மாதிரிதான். ஹவாய்ல கா லோக்கோன்னு ஒரு பழைய தனியார் மண் அணை 2006 மார்ச்ல உடைஞ்சு 7 பேர் இறந்தாங்க, விசாரிச்சுப் பார்த்தா கலிங்கையே மண்ணு போட்டு மூடியிருந்தது, தண்ணி போக வழியில்லாம கரை மேல ஏறி வழிஞ்சிருக்கு. பலகை அடிக்கிறவங்களுக்கு கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, எனக்கும் தெரியும், வெயில் காலத்துக்கு தண்ணி வேணும்தான். ஆனா அந்த ரெண்டு அடியோட விலையை கொடுக்கப்போறது கீழ இருக்கிறவங்க.

ரெண்டாவது கசிவு. எந்த மண்கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. தண்ணியோட நிறத்தைத்தான் பார்க்கணும். கரையடில வர்ற தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, தெளிவா இருந்தா குறிச்சு வச்சுக்கிட்டு தொடர்ந்து கவனிச்சா போதும், கலங்கலா இருந்து கொஞ்ச நேரத்துல அடியில மண்ணு படிஞ்சா கரையோட உள்பக்கம் அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சில இடத்துல தரையில குமிழ் விட்டு சுத்தி எறும்புப்புத்து மாதிரி மணல் வளையம் கட்டும், அதைப் பார்த்தா உடனே ஆள் கூப்பிடணும். இங்க பெரும்பாலான பேர் பண்றது என்னன்னா வெளிப்பக்கம் ஒரு கூடை களிமண்ணோ சிமெண்டோ வச்சு அடைச்சுட்டு சரியாயிடுச்சுன்னு போயிடுறாங்க, உள்ள அழுத்தம் ஏறி தண்ணி வேற வழி பார்க்கும். மண்ணு வெளிய வராம தண்ணி மட்டும் வடிய விடணும், கசியுற இடத்து மேல மணல், அதுக்கு மேல ஜல்லி, கல்லுன்னு போடுறதுதான் முறை. 1976 ஜூன் 5-ல அமெரிக்காவுல டீட்டன் அணை, அது பெரிய மண் அணை, காலைல கலங்கல் தண்ணி கசியுறதைப் பார்த்து புல்டோசர் வச்சு அடைக்கப் பார்த்தாங்க, மதியம் 12 மணிக்குள்ள கரையே போச்சு.

எலி வளை, நண்டு வளை, கரை மேல வளர்ந்த மரம், இதெல்லாம் கூட பாதை போட்டுக் கொடுக்கும். மரத்தை வெட்டிட்டா போதும்னும் நினைக்காதீங்க, வேர் மக்கினா அந்த ஓட்டைல தண்ணி போகும். செடியா இருக்கும்போதே பிடுங்கிடுறதுதான் நல்லது.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. சொந்த அணையை ஓனர் மட்டும் பார்த்து நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா பத்தாது, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னாடி வெளிய இருந்து ஒரு இன்ஜினியர் வந்து கரை, கலிங்கு, மதகு மூணையும் பார்த்து எழுதிக் கொடுக்கணும், அதுல ஒரு காப்பி கீழ குடியிருக்கிறவங்க கையிலயும் இருக்கணும். மதகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நிஜமா திறக்குதான்னு பார்க்கணும், துருப்பிடிச்சு இறுகிப் போன மதகை வச்சுக்கிட்டு அவசரத்துல என்ன செய்ய முடியும்? கனமழை ராத்திரில கரை மேல யார் காவல் இருப்பாங்க, ஏதாவதுன்னா எங்களுக்கு யார் போன் பண்ணுவாங்க, நாங்க எந்த மேட்டுக்கு ஓடணும், இதுக்குக் கூட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. உங்க பேப்பர்ல இதைப் போட்டா அந்த மாதிரி அணை வச்சிருக்கிற யாராவது ஒருத்தர் நாளைக்கே போய் கலிங்குல இருக்கிற பலகையை எடுக்கலாம், அதுக்கு செலவே கிடையாது.

இப்படிக்கு,
மண் அணைக்குக் கீழ குடியிருக்கும் ஒரு வாசகர்