பகுப்பாய்வைக் கடையில் கொடுக்காதே என்கிறீர்கள், எங்கே படிப்பது?

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும் ஆய்வுக் குழுவினருக்கும்,

தரவுப் பகுப்பாய்வை வெளியாரிடம் கொடுத்தால் ஆய்வறிக்கை நிராகரிக்கப்படும் என்ற உங்கள் அறிவித்தல் கிடைத்தது. நியாயமான அறிவித்தல்தான். ஆனால் எங்களை மட்டக்களப்பு டவுண் டைப் கடைகளுக்குத் துரத்தியது எது என்பது நீங்கள் அறியாததல்ல.

புள்ளிவிபரவியல் எங்களுக்குச் சிலைட்டாக மட்டுமே வந்தது. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் சூத்திரத்தைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதினோம். கூடத்துக் கணினிகளில் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற பகுப்பாய்வு மென்பொருளின் அனுமதி முடிந்ததோடு செய்முறையும் முடிந்தது.

என்னோடு படிக்கும் பிள்ளை ஒருத்தி குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, மண்டூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், முழங்கால் வலியுள்ள ஆச்சிமாரிடம் வினாக்கொத்து நிரப்பினாள். வலிக்கு 0 முதல் 10 வரை புள்ளி. பதில் இல்லாத இடத்தில் 99 என்று குறித்திருந்தாள். அது விடுபட்ட பெறுமானம் என்று கடைத்தம்பி மென்பொருளுக்குச் சொல்லவில்லை. 99உம் வலியாகவே கூட்டுப்பட்டது. 10ஐத் தாண்ட வழியில்லாத அளவுகோலில் சராசரி 14! அதோடுதான் அவள் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போனாள். சபை சிரித்தது. அட்டவணையை எப்படிப் பார்ப்பதென்று அவளுக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்?

கடைத்தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் டைப் அடிப்பது. இப்போது, முடிவு புள்ளிவிபரப்படி பொருட்படுத்தத்தக்கதாக அமைய "சிக்னிபிகன்ட் வரணுமா?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

எங்களுக்குச் செய்முறை வகுப்பு வேண்டும். களத்துக்குப் போய் வந்த பிறகல்ல, போகும் முன்.

உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு 0.05க்குக் கீழே இருந்தால் அது 'சிக்னிபிகன்ட்'. புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர் 1925இல் வசதியான எல்லையென்று எழுதிய அந்த 0.05ஐ இங்கே வேதவாக்காக்கி வைத்திருக்கிறோம். 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 வீதம்தான் அந்த எல்லைக்குள் வந்ததென்று 2015இலேயே உலகம் தலையில் கைவைத்தது. எங்கள் பாடக்குறிப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பஸ் இல்லைப் போலும். போருக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு எத்தனையோ பேர் வந்து எங்கள் சனத்திடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இந்த ஊர்த் தரவை இந்த ஊர்ப் பிள்ளைகளே எண்ணப் பழகுவது அவ்வளவு பெரிய ஆசையா?

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. ஜமோவி, ஆர் இரண்டும் இலவச மென்பொருள்கள். அனுமதிக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அடுத்த தொகுதியினர் முன்மொழிவு எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வினாக்கொத்தோடு புறப்படும் முன், வாரம் ஒரு பின்னேரம் கூடத்தைத் திறந்து, புள்ளிவிபரவியல் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்முறை வகுப்பைத் தொடங்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவர்கள் சார்பில் ஒருவன்