உன் பூண்டு வைத்தியம் பற்றி

அன்புள்ள நண்பா,

பேத்தியின் காதுகுத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிவந்தேனே, அந்தப் பெண்குதிரை அந்த வாரம் வாலைக் கட்டுத்தறியில் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்துக்கொண்டு நின்றது. விலாவும் தெரிய ஆரம்பித்துவிட்டது. குடற்புழு.

நீ எழுதியிருந்த பூண்டு, வேப்பிலை உருண்டையைப் பிடிக்கத்தான் இருந்தேன். கால்நடை மருத்துவர் தடுத்துவிட்டார். குதிரைக்கு நாள்தோறும் பூண்டை அள்ளிக் கொடுத்தால் சிவப்பணு உடைந்து இரத்தசோகை வருமாம். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2005இலேயே இதை எழுதிவிட்டார்கள். புழு சாகும் என்பதற்கோ உருப்படியான சான்று கிடையாது.

இப்போது என் வைத்தியம் கூடையும் வாரியும்தான். புழுவின் முட்டை லத்தியோடு, அதாவது குதிரைச் சாணத்தோடு, விழுகிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓரிரு வாரத்தில் புழு பொரித்து வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பனி ஈரத்தில் புல் மேல் ஏறுகிறது. பெரும்பாலும் அடிப்புல்லில்தான் இருக்கும். அதனால் தரையோடு தரையாக மேயவிடுவதில்லை. வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளிக் குவித்துவிடுகிறேன். குவியல் உள்ளே கொதிக்கும் சூட்டில் முட்டை வெந்துவிடும், பிறகு மஞ்சள் காட்டுக்கு எருவாகும். முதுகு வலிக்கிறது, பொய் சொல்லவில்லை.

இன்னொன்று கேள். குதிரை தன் லத்தி கிடந்த இடத்துப் புல்லை ஒதுக்கிவிடும். அங்கே எருமைகளை அவிழ்த்துவிடுகிறேன். குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் பிழைப்பதில்லை.

மருந்தை ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. லத்தியைச் சோதனைக்கு அனுப்பி, ஒரு கிராமில் 200 முட்டைக்கு மேல் இருந்தால்தான் கொடுக்கிறேன். பெண்குதிரைக்குக் கொடுத்தேன், பழைய தட்டுவாணி மட்டக்குதிரைக்குத் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மாதாமாதம் புகட்டிப் புகட்டித்தான் புழு மருந்துக்குப் பழகிவிட்டது. நீ ரசாயனம் என்று திட்டும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தின் மூலமே ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர்தான். அதற்காக ஓமுரா, கேம்பெல் என்ற விஞ்ஞானிகள் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் அந்த மருந்து லத்தியில் இறங்கிச் சாணவண்டின் இளம்புழுவையும் கொல்கிறது. எனவே மருந்து கொடுத்த நாட்களில் அந்த லத்தியைத் தனியே அள்ளிவிடுகிறேன்.

அடுத்த மாதம் மறுபடி முட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடிக்கு நீயும் வா, சந்தைக்குச் சேர்ந்து போவோம். பூண்டு கொண்டுவந்தால் ரசத்துக்கு ஆகும்.

உன் பழைய சைக்கிள் கூட்டாளி