பெரியாறு கால்வாய்க் கரைய சைக்கிளுக்கு விட்டுக் குடுங்க

மாவட்ட நிர்வாகத்துக்கும், பெரியாறு பிரதானக் கால்வாய்க் கரையப் பாத்துக்கிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மதுரைக்காரன், கோச்சடை பக்கம் வீடு. பன்னெண்டு வருஷமா சைக்கிள் ஓட்டுறேன், ரேஸ் எல்லாம் கெடையாது, கேரியர்ல ரெண்டு பக்கமும் பைய மாட்டிக்கிட்டு விடியக்காலம் கெளம்பி ஊர் ஊரா போயி, எங்கயாச்சும் கோயில் மண்டபத்துல ராத்திரி தங்கிட்டு மறுநாள் திரும்புற ஆளு.

போன மாசியில என் மகளையும் கூட்டிக்கிட்டு மேலக்கால் ரோட்ல சோழவந்தான் கெளம்பினேன். எட்டாப்பு படிக்கிறா. துவரிமான் தாண்டினதும் பின்னாடி ஒரு பஸ், எதுத்தாப்புல ஒரு டிப்பர், எங்களுக்குன்னு மிஞ்சினது ஓரத்து மண்ணு மட்டும்தான், தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல அரையடி பள்ளம், புள்ள சக்கரம் அதுல எறங்கி விழுந்துட்டா. முட்டி பேந்ததோட போச்சு. இடது பக்கம் விழுந்ததால தப்பிச்சா, வலது பக்கம் விழுந்திருந்தா என்னன்னு நெனச்சா இன்னைக்கும் வயித்தக் கலக்குது. அதுக்கப்புறம் அவ தெருவத் தாண்டி சைக்கிள எடுக்கல.

அந்த ரோட்டப் பத்திப் பேச வரல. கொஞ்சம் வடக்க பெரியாறு கால்வாய்க் கரையில வேற ஒரு பாதை சும்மா கெடக்கு, அதுக்காகத்தான் இந்த மடல்.

1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையில இருந்து, மலையக் குடைஞ்ச சுரங்கம் வழியா கெழக்க திருப்பின தண்ணி வைகை அணையில தேங்கி, ஆத்தோட பேரணை வரைக்கும் வருது, அங்க தலைமதகுல பிரிஞ்சு கால்வாயா வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் ஓடி கள்ளந்திரி போயி அங்கிருந்து மேலூர் போகுது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா சைக்கிள்காரன் கண்ணுல அந்தக் கரை என்னன்னு சொல்லணும்ல. மோட்டார் வைக்காம தண்ணி தானா நடக்கணும்னு மலையடிவாரத்தோட மட்டம் பாத்து வளைச்சு வளைச்சு வெட்டின கால்வாய் அது, அதனால மேடுன்னு ஒண்ணு கெடையாது, பள்ளமும் கெடையாது, கரைமேல ஏறிட்டா கியர் மாத்தாம போயிக்கிட்டே இருக்கலாம், அறுபது வயசு ஆளும் எட்டாப்பு புள்ளையும் ஒண்ணா போகலாம். கால்வாயக் காவல் பாக்குற லஸ்கர்மாரு மதகு பாக்கப் போறதுக்கு விட்ட பாதைதான, ஹாரன் சத்தமே கேக்காது.

நான் போற சுத்து இதுதான். அஞ்சு மணிக்கு கெளம்பி ஆத்துக்குத் தென்கரையில கொடிமங்கலம், மேலக்கால், தெக்க நாகமலை வடக்க சிறுமலை, நடுவுல நெல்லும் தென்னையும். எதுத்த கரையில திருவேடகம், சம்பந்தர் விட்ட ஏடு வைகையில எதிரேறிப் போயி ஒதுங்கின ஊரு. சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்கால் ஓரமா நின்னா அகத்தி நெழலுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி, 2023-ல அந்த வெத்தலைக்கு புவிசார் குறியீடு கெடச்சுச்சு, ஆனா கொடிக்கால உள்ள போயி பாத்த மதுரைக்காரவுக எத்தன பேரு? குருவித்துறை பெருமாளக் கும்புட்டு, அணைப்பட்டி ஆஞ்சநேயரையும் பாத்துட்டு பேரணையில கரையேறினா கள்ளந்திரி வரைக்கும் கால்வாயோட, மறுநாள் அழகர்மலைய பின்னாடி விட்டுட்டு வீடு. தண்ணி தொறந்திருக்குற நாள்ல கூடவே சலசலன்னு வரும், மீன்கொத்தி நமக்கு முன்னாடி முன்னாடி பறந்து போகும். அத எழுத்துல சொல்ல எனக்கு வரல, நீங்களே ஒரு தடவ வாங்க.

ஜெர்மனியில பாசாவுங்கற ஊர்ல இருந்து ஆஸ்திரியாவோட வியன்னா வரைக்கும் டான்யூப் ஆத்தோரமா 300 கிலோமீட்டருக்கு மேல சைக்கிள் பாதை இருக்கு, குடும்பம் குடும்பமா போறாக. அதுல பல எடம் அந்தக் காலத்துல குதிரைகள விட்டு படகு இழுத்த கரைப்பாதைதான். வேற வேலைக்குப் போட்டதத்தான் எடுத்துக்கிட்டாக. நமக்கும் புதுசா நெலம் எடுக்க வேண்டியதில்ல.

தயவு செஞ்சு தார் மட்டும் போட்டுறாதீக. தார் போட்ட மறுமாசம் டிப்பர் வரும், கரை போயிரும். கிராவல் கொட்டி ரோலர் விட்டா போதும், கொஞ்சம் பெருத்த டயருக்கு அதுவே சொகுசு, மழைக்கும் வழுக்காது. ரோட்ல இருந்து கரைக்கு ஏறுற எடத்துல எல்லாம் நாலடி இடைவெளி விட்டு கல்லு நட்டா காரும் லாரியும் நொழையாது, பை மாட்டின சைக்கிளும் மாற்றுத் திறனாளிகளோட மூணு சக்கர வண்டியும் போயிரும். அறுப்புக்கு டிராக்டர் போகணும்னா? நடுக்கல்ல கழட்டுற மாதிரி வச்சு சாவிய லஸ்கர் கையிலயும், ஊர் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற நீர்ப்பாய்ச்சி கையிலயும் குடுங்க, விவசாயி வழிய மறிச்சு வர்ற பாதை எனக்கு வேண்டாம். வயலுக்குப் போற டிவிஎஸ்ஸும் போகட்டும்.

சீமைக்கருவேலத்த வெட்டணும், ஒரே காலையில அஞ்சு பஞ்சர் ஒட்டியிருக்கேன். தண்ணி இழுப்பு ஜாஸ்தி இருக்குற வளைவுல தடுப்பு வேணும், ஓட்டுறது கரையோட வெளிப்பக்கமா இருக்கணும், இதுல சிக்கனம் பாக்காதீக, புள்ளைக வரும். பெரிய சிக்கல் திண்டுக்கல் நாலுவழிச்சாலைய கடக்குற எடம்தான், அங்க சைக்கிள உருட்டிக்கிட்டு ஓடுறது உயிரக் கையில புடிச்ச மாதிரி, அத நெடுஞ்சாலைக்காரவுகளோட உக்காந்து பேசித்தான் தீக்கணும், எங்களால ஆகாது.

இது ஞாயித்துக்கெழம ஓட்டுற எங்களுக்கு மட்டும்னு நெனச்சிறாதீக. பிளஸ் ஒன் புள்ளைகளுக்கு அரசாங்கமே வெலையில்லாம சைக்கிள் குடுக்குது, கரையோரத்து ஊர்ப் புள்ளைக அத எந்த ரோட்ல ஓட்டுதுகன்னு காலையில எட்டரை மணிக்கு அலங்காநல்லூர் ரோட்ல வந்து நின்னு பாருங்க, என் மக விழுந்தாளே அதே மாதிரி ஓரத்து மண்ணுலதான்.

அடுத்த போகத்துக்கு தண்ணி தொறக்குறதுக்கு முன்னாடி கரை மராமத்து பாக்கும்போது பேரணையில இருந்து மொதல் பத்து கிலோமீட்டர் மட்டும் செஞ்சு பாருங்க. முள்ளு வெட்ட நாங்க இருபது பேரு அருவாளோட வர்றோம். எந்தெந்த எடத்துல கல்லு நடணும்னு நடந்தே பாத்து ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன், நீங்க கூப்புடுற அன்னைக்கு நோட்டோட வந்து நிக்கிறேன், புள்ளையையும் கூட்டிக்கிட்டு.