சின்னக்காவின் பயாப்ஸி முடிவு

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல எழுத முடியவில்லை. சின்னக்காவுக்கு வந்திருப்பது டிபி அல்ல, நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது.

பீடி வாடையே ஆகாமல் உன்னைத் திண்ணையிலேயே நிறுத்திவைத்த அக்காவுக்கா என்றுதான் நீ கேட்பாய். நானும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். புகைக்காத பெண்களுக்கும் இது வருவதுண்டு, விறகடுப்புப் புகையும் ஒரு காரணமாகலாம் என்றார். இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தக்கோடு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் ஆகியவற்றை வைத்தே, சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், முதலில் பார்த்தவர்கள் டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அந்தச் சந்தேகம் முதலில் எழுவது இயல்பே; ஆனால் மாத்திரை சாப்பிட்டும் நிழல் பெரிதாகி, குரல் கம்மி, தோள்பட்டை வலியும் சேர்ந்த பின்னும் மறுபடி யோசிக்காமல் மாதங்களைக் கடத்தியதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

புதிய டாக்டர் ஸ்கேனைக் கேட்பதற்கு முன்பே, அக்காவின் இரு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி நகத்தோடு நகம் சேர்க்கச் சொன்னார். நீயும் செய்து பார், நகங்களின் அடியில் வைர வடிவில் ஒரு சிறு சந்து தெரியும். அக்காவுக்கு அது அடைபட்டிருந்தது. வேறு நோய்களிலும் நகம் இப்படி வீங்கி வளையும் என்றாலும், இதைக் கண்டால் நெஞ்சை முழுமையாக ஆராயாமல் விடக்கூடாது என்றார். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்து, அதைப் பார்த்தபடியே ஊசி செலுத்திச் சதைத் துணுக்கை எடுத்தார்கள்.

நுரையீரல் புற்றில் சிறு செல் வகை, சிறு செல் அல்லாத வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. முதலாவது பெரும்பாலும் புகைப்பவர்களுக்கே வருவது, வெகு வேகமாகப் பரவுவது. ஏறத்தாழ 85 சதவீதம் இரண்டாவது பிரிவுதான். அக்காவுக்கு இருப்பது அதைச் சேர்ந்த அடினோகார்சினோமா, அதாவது சளி சுரக்கும் செல்களில் தொடங்கும் வகை. கட்டியின் மரபணுவையும் சோதித்ததில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்ததால், அதற்கென்றே உள்ள மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிவிட்டது, சண்முகம். முற்றாகக் குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தி வைக்கலாம் என்கிறார்கள்.

இனி உன் விஷயம். மூன்று வாரத்தைத் தாண்டிய எந்த இருமலும் மார்பு டாக்டரிடம் போயாக வேண்டிய இருமல்தான். உனக்கோ அது பொங்கலிலிருந்து இருக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதே, சிறிய கட்டிகள் அதில் தப்பிவிடும். நீண்டகாலம் புகைத்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2011இல் வந்தது; குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடையே, எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட இந்நோயால் இறப்பது 20 சதவீதம் குறைந்திருந்தது.

அக்காவைப் பார்க்க வரும்போது உன் பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்து வா. அதே டாக்டரிடம் உனக்கும் நேரம் கேட்டிருக்கிறேன். மீனாட்சிக்கும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராமு