மழைக்குப் பின் 72 மணி நேரம் வகுப்பு கிடையாது: ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கனமழை விட்டபின் 72 மணி நேரத்துக்கு, சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் சர்ஃபிங் வகுப்பு நடத்துவதில்லை. "வெயில் அடிக்குது, அலையும் அருமையா இருக்கு, அப்புறம் ஏன்?" என்று பலர் கேட்கிறீர்கள்.

வடகிழக்குப் பருவமழையில், நமக்கு வடக்கே உள்ள முட்டுக்காடு முகத்துவாரம் திறந்துகொண்டு, காயல் நீர் கடலில் கலக்கிறது. அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே போவதால், அது நம் பக்கம்தான் வரும். மழைநீரோடு சாக்கடையும், அதிலுள்ள ஈ.கோலை என்ற குடல் கிருமிகளும் வரும். அவற்றில் சில ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதவை. அந்த எதிர்ப்புத் திறனை அவை பக்கத்துக் கிருமிகளுக்கும் கடத்திவிடும்.

பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலை, சர்ஃபிங் செய்வோரில் 9 சதவீதம் பேரின் குடலில் இருந்தது. செய்யாதவர்களில் 3 சதவீதம். குடலில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் அதுவே சிறுநீர்த் தொற்றாக மாறினால், வழக்கமான மாத்திரை கேட்காது.

வெயில் இந்தக் கிருமிகளைக் கொல்லும். ஆனால் கலங்கல் நீருக்குள் வெயில் இறங்காது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். பாதம் தெரியாவிட்டால் கரையேறிவிடுங்கள். குழந்தைகளை முகத்துவாரக் குட்டையில் விளையாட விடவே விடாதீர்கள். அங்கே அலை குறைவு, ஆபத்து அதிகம்.

மற்ற நாட்களிலும் போர்டிலிருந்து விழும்போது வாயை இறுக மூடி, மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். அலறினால் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். லீஷ் (போர்டைக் காலோடு இணைக்கும் கயிறு) உரசிய சிராய்ப்போ, புதிதாகக் குத்திய டாட்டூவோ இருந்தால் ஆறும்வரை இறங்க வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் அலையில் ஓரம் பிரிந்துவிடும். கடலில் காயம் பட்டால் உடனே நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். சிவப்பு பரவினாலோ, கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், "கடல் தண்ணீர் பட்ட காயம்" என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். அது நல்ல கிருமிகளையும் அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். சிறுநீர் எரிச்சல் என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மழையால் நின்ற வகுப்புக்கு வேறு தேதி தருகிறோம். வேண்டாமென்றால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்