சிறுபோகக் கூட்டத்தாருக்கு: வைக்கோலை எரிக்க விடாதீர்கள்

மட்டக்களப்பின் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் கீழ் சிறுபோக (குளத்து நீரில் செய்யும் இரண்டாம் போகம்) ஆரம்பக் கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளுக்கும் கமக்கார அமைப்புத் தலைவர்களுக்கும் வட்டைகளின் (வயற்பரப்புகளின்) தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானைமாருக்கும்,

வணக்கம். படுவான்கரையில் வயல் செய்கிறவன் எழுதுகிறேன். பெரும்போகம் (மாரிப் போகம்) வெட்டி முடிந்ததும் அறுவடை மெஷின் விட்டுப்போன வைக்கோலுக்குத் தீ வைப்பது வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்த இந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள்.

"சாம்பலும் பசளைதானே" என்பார்கள். பாதி உண்மை. பயிருக்கு வேண்டிய சத்துகளில் ஒன்றான பொஸ்பரஸ் வைக்கோலில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். ஆனால் ஒரு தொன் வைக்கோலில் இருப்பதே சுமார் 1 கிலோதான். கடையில் வாங்கும் பொஸ்பரஸ் பசளையான ரி.எஸ்.பியின் 50 கிலோ மூடையில் 10 கிலோ வரை இருக்கிறது. இந்தக் கணக்கில் வைக்கோல் எரிக்கத்தான் லாயக்கு. ஆனால் தீயில் போகிற சேதனப் பொருளை, அதாவது மண்ணில் உக்கிச் சேரவேண்டியதை, இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மண்ணில் பூட்டிக் கிடக்கும் பொஸ்பரஸை எடுத்துக் கொடுப்பது அதுதான்.

வெப்பவலய மண் பலவற்றில் இரும்பும் அலுமினியமும் போட்ட பொஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போட்ட போகத்திலேயே பயிர் எடுப்பது பெரும்பாலும் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. எருவும் வைக்கோலும் உக்கும்போது வரும் சேதன அமிலங்கள் இரும்பில் முந்திப்போய் ஒட்டிக்கொள்வதால் பொஸ்பரஸ் வேருக்கு மிஞ்சும். மேட்டுநிலச் சோளத்துக்கும் கச்சானுக்கும் இது பெரிய உதவி. வயலில் இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று நின்றுவிடும். அப்போது நுண்ணுயிர்கள் சேதனப் பொருளைத் தின்று, ஒட்சிசன் செய்யும் வேலையை இரும்பை வைத்துச் செய்துகொள்ளும். இரும்பு கரையும், அது பிடித்திருந்த பொஸ்பரஸும் அவிழும். தின்ன ஒன்றும் இல்லாத மண்ணில் இது மந்தமாகத்தான் நடக்கும். வயல் காய்ந்தால் திரும்பவும் பூட்டிக்கொள்ளும்.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, சேதனப் பசளைக்கு மாறச் சொன்னபின் நாம் பட்ட பாட்டில், சேதனம் என்ற சொல்லே பலருக்கு வெறுத்துப்போயிற்று. அந்தக் கோபம் நியாயம். ஒரு தொன் நெல்லோடு 2 முதல் 3 கிலோ பொஸ்பரஸ் வயலை விட்டுப் போகிறது. அதை வைக்கோல் மட்டும் ஈடுகட்டாது. ரி.எஸ்.பி வேண்டும். போடுவது வீணாகாமல் இருக்கத்தான் வைக்கோலைக் கேட்கிறேன்.

நான் முதல்முறை வைக்கோலைப் புரட்டி உழுது ஐந்தாம் நாளே விதைத்தேன். நாற்று மஞ்சளாகி நின்றது. உக்கத் தொடங்கும் வைக்கோல் நைதரசனையும் பொஸ்பரஸையும் முதலில் தனக்கே இழுத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அடுத்த முறை மூன்று கிழமை விட்டேன், பயிர் பச்சையாக வந்தது.

அந்த மூன்று கிழமையைத் தனியொருவனால் எடுக்க முடியாது. தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடிக்கும் நாளையும் குறிப்பது உங்கள் கூட்டம். முதல் உழவுக்கான தண்ணீரை விதைப்புக்கு மூன்று கிழமை முன்பே தாருங்கள். வைக்கோலை வரிசையாகக் கொட்டாமல் பரத்திவிடும்படி மெஷின்காரரிடம் அமைப்புகளே பேசி முடியுங்கள். பசளை மூடைக் கணக்குப் போடும் முன் வட்டைக்கு வட்டை மண் பரிசோதனை செய்துதரும்படி விவசாயப் போதனாசிரியர்களையும் கேட்கிறேன்.

என் வயலில் இந்த முறை வைக்கோல் எரிக்காமல் கிடக்கிறது. தண்ணீர் வரும் நாளைச் சொல்லுங்கள், உழவுக்கு ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரைக் கமக்காரன் ஒருவன்