தரங்கம்பாடி: கோட்டையோடு திரும்ப வேண்டாம்

ஆசிரியருக்கு,

தரங்கம்பாடிக்கு வருபவர்களில் பலர் 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்து, கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் கோட்டை அருங்காட்சியகமும் பூட்டியிருக்கும். வண்டியை 1792-ஆம் ஆண்டு நகர வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு ராஜ வீதியில் நடப்பதே நல்லது. 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயமும், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கும் 1718-ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயமும் வழியிலேயே வரும். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கோட்டை மைதானத்தில் ஒதுங்க நிழல் கிடையாது.

கோட்டைக்கு வடக்கே, முன்பகுதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கைகாட்டிப் பலகை ஒன்று வைத்தால் போதும்.

இன்னொன்று: பழைய சுவர்களில் சிமென்ட் பூசவே கூடாது. உப்பீரம் வெளியேற வழியின்றி உள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்கும்; ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். சலித்த மணலும் நன்கு நீற்றிய சுண்ணாம்பும் கலந்த சாந்தே பொருந்தும். பூசியபின் சில நாள் ஈரச் சாக்கு போர்த்தாவிட்டால் அதுவும் வெடிக்கும். ஒப்பந்தப் புள்ளியிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

– வாசகர், மயிலாடுதுறை